வாசல் தாண்டாத வெளிநாட்டுப் பட்டம்

வெளிநாட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்து, சொந்த ஊரை விட்டு நகராமலேயே பட்டம் வாங்க முடியுமா என்று கேட்டால், 1865 முதல் முடியும் என்பதுதான் பதில். அந்த ஆண்டில்தான் லண்டன் பல்கலைக்கழகம் பிரிட்டனுக்கு வெளியே முதன்முறையாக, மொரீஷியஸ் தீவில், தன் தேர்வை நடத்தியது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பு, 1858-இல், அது பெற்ற புதிய சாசனம் எந்தக் கல்லூரியிலும் சேராதவரும் தேர்வு எழுதலாம் என்று வழிவிட்டிருந்தது. எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கட்டணம் கட்டி, கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்து எழுதித் தேறினால் பட்டம். சொல்லிக்கொடுப்பதைப் பல்கலைக்கழகம் தன் வேலையாகவே வைத்துக்கொள்ளவில்லை. சோதிப்பது மட்டும்தான் அதன் வேலை.

ஆகவே 'முடியுமா' என்பது எப்போதோ தீர்ந்துபோன கேள்வி. தீராமல் இருப்பது அடுத்த கேள்வி: வாங்கிய பட்டத்தை யார் ஏற்றுக்கொள்வார்கள்? பட்டம் உண்மையானதா என்பது வேறு, அது செல்லுபடியாகுமா என்பது வேறு. விளம்பரங்களும் முகவர்களும் முதலாவதற்கு உரக்கப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதை லேசாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, சான்றிதழைக் கொண்டுபோய் ஓர் அலுவலக மேசையில் வைக்கும்போதுதான் பலருக்கு அந்த வேறுபாடு உறைக்கிறது.

லண்டனின் ஏற்பாட்டை இலங்கைத் தமிழர்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1921-இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சொந்தமாகப் பட்டம் வழங்கும் உரிமை கிடையாது. அங்கே படித்தவர்கள் எழுதியது லண்டன் வெளிவாரித் தேர்வைத்தான். 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை இதுவே நடைமுறை. அதற்குப் பிறகும் உள்நாட்டில் இடம் கிடைக்காதவர்களுக்கு லண்டன் வெளிவாரி ஒரு பக்கவாசலாகத் திறந்தே இருந்தது. சட்டம் படிக்க விரும்புவோர் இன்றும் அந்த வாசலைத் தட்டுகிறார்கள். மலேசியாவில் லண்டன் எல்எல்பி முடித்து, அதன்மேல் சிஎல்பி என்ற உள்நாட்டுத் தேர்வையும் எழுதி வழக்கறிஞரானவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. இங்கெல்லாம் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு வந்தது லண்டன் என்ற பெயரால் மட்டுமல்ல. அந்தந்த நாட்டின் தொழில்முறை விதிகள் அதற்கென்று ஓர் இடம் வைத்திருந்தன. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாமே எளிதில் விளங்கும்.

தொலைநிலைப் படிப்பின் மிகப் புகழ்பெற்ற மாணவர் நெல்சன் மண்டேலா. போர்ட் ஹேர் கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டபின் அவர் பிஏ முடித்தது தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின், அதாவது யுனிசாவின், அஞ்சல்வழியில். சிறைக்குப் போனபின் லண்டன் எல்எல்பிக்குப் பதிவு செய்துகொண்டார். பகலெல்லாம் ராபன் தீவின் சுண்ணாம்புக் குவாரியில் வேலை, இரவில் அறையில் சட்டப் புத்தகம். அவர் ரகசியமாக எழுதி மண்ணில் புதைத்துவைத்திருந்த தன்வரலாற்றுக் கைப்பிரதி 1977-இல் அதிகாரிகளிடம் சிக்கியபோது, தண்டனையாகப் பறிக்கப்பட்டது படிக்கும் சலுகை, நான்கு ஆண்டுகளுக்கு. லண்டன் பட்டம் கைகூடவில்லை. கடைசியில் 1989-இல், இன்னும் கைதியாக இருந்தபோதே, யுனிசா வழியாக எல்எல்பி பெற்றார். 1873-இல் தேர்வு நடத்தும் அமைப்பாகத் தொடங்கி, 1946-இல் அஞ்சல்வழிக் கல்விக்கு மாறிய யுனிசா, லண்டனின் அச்சில் வார்த்தது. இன்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் படிக்கும் பெரும் அரசுப் பல்கலைக்கழகம் அது.

இந்தப் பட்டங்களை உலகம் நம்பியதற்கு அடிப்படை ஒன்றே ஒன்றுதான்: தேர்வின் கண்டிப்பு. வகுப்பில் யார் இருந்தார்கள் என்பது பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது; தேர்வறையில் யார் இருந்தார்கள் என்பது ஐயமில்லாமல் தெரியும். அதனால்தான் வினாத்தாள் முத்திரையிட்ட உறையில் கப்பலேறியது. காலனி அதிகாரிகளும், பிற்காலத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் ஊழியர்களும் கூடத்தில் காவல் நின்றார்கள்.

இந்தக் கண்டிப்பை இன்றைய தொழில்நுட்பத்தோடு சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஸ்பெயினுக்குப் போகவேண்டும். 1972-இல் அரசு நிறுவிய யுனெட் என்ற தொலைநிலைப் பல்கலைக்கழகம், நாடு முழுதும் உள்ள மையங்களிலும், சிறைகளிலும், பாரிஸ், பியூனஸ் ஐரிஸ் போன்ற வெளிநாட்டு நகரங்களிலும் நேரடித் தேர்வு நடத்துகிறது. ஒரு காலத்தில் பேராசிரியர்கள் வினாத்தாள்களைப் பெட்டியில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்கள். இப்போது வினாத்தாள்கள் பூட்டிட்ட மின்கோப்பாகப் போகின்றன. மாணவர் கூடத்து வாசலில் அட்டையைக் காட்டியதும், அவருக்குரிய வினாத்தாள் அங்கேயே அச்சாகி வருகிறது. அதில் அவர் பெயரும், எந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்பதும் அச்சிட்டிருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் வேறு பாடம் எழுதும்படி இயந்திரமே இடம் ஒதுக்கிவிடும். எழுதி முடித்த தாள் அங்கேயே ஸ்கேன் ஆகி மாட்ரிட்டுக்குப் போகிறது. நம் ஊர்த் தேர்வு வாரியங்கள் வினாத்தாள் கசிவைப் பற்றி அறிக்கை விடும் நேரத்தில் இதைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தபிறகு படம் மாறியது. 1963-இல் ஹெரால்ட் வில்சன் ஓர் உரையில் முன்வைத்த வானொலி-தொலைக்காட்சிப் பல்கலைக்கழகம் என்ற எண்ணத்தை, அமைச்சர் ஜென்னி லீ பிடிவாதமாக நின்று நிறைவேற்றினார். 1969-இல் சாசனம், 1971-இல் முதல் மாணவர்கள். முன்தகுதி கேட்காமல் சேர்த்துக்கொண்டது அன்றைக்குப் பெரிய துணிச்சல். அதைவிடப் பெரிய மாற்றம், லண்டன் தொடாமல் விட்ட கற்பித்தலை இது தன் தோளில் ஏற்றுக்கொண்டது. பிபிசியில் விடிகாலையும் நள்ளிரவும் பாடங்கள் ஒளிபரப்பாயின. அறிவியல் மாணவருக்குச் சோதனைப் பெட்டி தபாலில் வந்தது. அதற்குள் கையடக்கமான ஒரு நுண்ணோக்கியும் இருக்கும். சமையலறை மேசை ஆய்வகமானது. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியர் ஒதுக்கப்பட்டார். கட்டுரையை அனுப்பினால் அவர் மதிப்பெண் மட்டும் போடமாட்டார், பக்கம் பக்கமாகத் திருத்தியும் அனுப்புவார். தொலைநிலைக் கல்வி என்றால் புத்தகக் கட்டை அனுப்பிவிட்டுக் கைகழுவுவது என்று பழகிப்போன நமக்கு இதன் அருமை புரியக் கொஞ்சம் நேரமாகும். இந்த மாதிரியைப் பின்பற்றித்தான் பிற நாடுகளிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. 1985-இல் நம் இக்னோவும்.

ஜெர்மனியின் ஹாகன் நகரில் 1974-இல் மாநில அரசு நிறுவிய தொலைநிலைப் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர் எண்ணிக்கையில் அந்த நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களிலேயே மிகப் பெரியது. இளநிலைப் படிப்பு முழுவதையும் சில ஆயிரம் யூரோவில் முடித்துவிடலாம். ஆனால் படிப்பு அநேகமாக முழுவதும் ஜெர்மன் மொழியில். ஐரோப்பிய அரசுப் பல்கலைக்கழகங்களில் மலிவான கல்வி என்று யாராவது சொன்னால், எந்த மொழியில் என்று உடனே கேட்டுவிட வேண்டும்.

இன்றைய இந்திய மாணவர் அதிகம் விசாரிப்பது அமெரிக்காவைத்தான், அதிலும் கணினித்துறை முதுநிலையை. இதில் திருப்புமுனை ஜார்ஜியா டெக். ஜார்ஜியா மாநிலத்தின் இந்த அரசுப் பல்கலைக்கழகம் 2014 ஜனவரியில் கணினி அறிவியல் முதுநிலைப் படிப்பை இணையவழியில் தொடங்கியது. பத்துப் பாடங்கள், மொத்தக் கட்டணம் சுமார் 7,000 டாலர். அதே படிப்பை வளாகத்தில் படிக்கும் வெளிமாநிலத்தவர் சுமார் 45,000 டாலர் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பட்டச் சான்றிதழில் 'இணையவழி' என்ற சொல் இருக்காது. பின்னால் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் 10,000 டாலருக்கு இதேபோல ஒன்றைத் தொடங்கியது.

மலிவு என்றால் தரம் தாழும், வளாகத்து மாணவர்களும் இங்கே ஓடிவந்துவிடுவார்கள் என்ற இரண்டு அச்சங்கள் அப்போது பேசப்பட்டன. இரண்டாவதை ஜோஷ்வா குட்மன், ஜூலியா மெல்கர்ஸ், அமண்டா பல்லெய்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அழகாகச் சோதித்தார்கள். முதல் அணிச் சேர்க்கையில் இடம் அளவானது என்பதால், பல்கலைக்கழகம் இளநிலை மதிப்பெண் சராசரியில் 3.26 என்று ஒரு கோடு போட்டிருந்தது. விண்ணப்பித்தவர்களுக்கு அந்தக் கோடு தெரியாது. கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவருக்கும் சற்றுக் கீழே இருந்தவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருக்க முடியாது. இடம் கிடைத்ததும் கிடைக்காததும்தான் வித்தியாசம். கீழே நின்றுபோனவர்கள் வேறெங்காவது போய்ச் சேர்ந்தார்களா என்று பார்த்தால், அநேகமாக எங்கும் சேரவில்லை. விண்ணப்பித்தவர்கள் பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டிய, வேலையில் இருந்த அமெரிக்கர்கள். வேலையை விட்டு வளாகத்துக்குப் போகும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. ஆக, இந்தப் படிப்பு யாரையும் வளாகத்திலிருந்து இழுத்துக்கொண்டு வரவில்லை. இல்லாவிட்டால் படித்தே இருக்கமாட்டாதவர்களைப் படிக்க வைத்தது. தொலைநிலைப் பட்டம் யாருக்கானது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் பார்த்ததில்லை. பிளஸ் டூ முடித்த பதினேழு வயதுப் பிள்ளையை வீட்டில் லேப்டாப்போடு உட்கார வைத்து வெளிநாட்டுப் பட்டதாரியாக்க நினைக்கும் பெற்றோர் அந்த முப்பது வயதுக்காரர்களைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

'அரசுப் பல்கலைக்கழகம்' என்ற அடைமொழி எதற்குக் காப்பு? போலிக்குக் காப்பு, ஐயமில்லை. 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட புலனாய்வு, கராச்சியில் இருந்த ஆக்ஸாக்ட் என்ற நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களின் பேரில் இணையதளங்கள் நடத்தி, உலகம் முழுதும் பட்டம் விற்றுவந்ததை வெளிச்சம் போட்டுக் காட்டியது. அந்தத் தளங்களில் பசும்புல் வளாகமும் புன்னகைக்கும் பேராசிரியர்களும் இருந்தார்கள். சட்டத்தால் அமைந்த ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தை அப்படி இட்டுக்கட்டுவது கடினம். பட்டம் வழங்கும் உரிமையுள்ளவற்றின் பட்டியலைப் பிரிட்டன் அரசு வெளியிடுகிறது. அமெரிக்கக் கல்வித்துறையும் அங்கீகாரம் பெற்றவற்றின் தரவுத்தளத்தை எல்லோர் பார்வைக்கும் வைத்திருக்கிறது. பத்து நிமிட வேலை.

ஆனால் அந்த அடைமொழிக்குள்ளும் இப்போது பல அடுக்குகள் உண்டு. இண்டியானா மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகமான பர்டியூ, லாபநோக்கில் நடந்துவந்த காப்லான் பல்கலைக்கழகத்தை ஒரு டாலருக்கு வாங்கி, 2018 முதல் பர்டியூ குளோபல் என்ற பெயரில் நடத்துகிறது. அரிசோனா பல்கலைக்கழகம் 2020-இல் ஆஷ்ஃபோர்டை எடுத்துக்கொண்டது. பெயர் பழைய அரசுப் பெயர். உள்ளே ஓடுவது நேற்றைய தனியார் எந்திரம். இன்னொரு வகையில், பல்கலைக்கழகம் அசலாகவே இருக்கும். ஆனால் மாணவர் பிடிப்பது முதல் பாடக்காணொளி தயாரிப்பது வரை ஒரு வெளிநிறுவனம் செய்யும். 2யூ என்ற அத்தகைய நிறுவனம் பெர்க்லி, வட கரோலினா போன்ற முதல்தர அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இணையவழிப் படிப்புகளை நடத்திக்கொடுத்தது. அதற்குக் கட்டண வருவாயில் பாதிக்கும் மேலான பங்கு போனது. அப்படியும் 2024-இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. மாணவர் கட்டும் பணத்தில் எத்தனை பங்கு ஆசிரியருக்கு, எத்தனை பங்கு விளம்பரத்துக்கு என்று தெரிந்துகொள்ள எந்தக் கையேடும் உதவாது. 7,000 டாலருக்கு ஜார்ஜியா டெக் தர முடிந்ததை, பத்து மடங்கு விலைக்கு இன்னோர் அரசுப் பல்கலைக்கழகம் விற்பதற்குக் காரணம் தரத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

தேர்வு விஷயத்துக்குத் திரும்புவோம். 2020 பெருந்தொற்று தேர்வுக் கூடங்களை மூடியது. நூற்றைம்பது ஆண்டுகளாகக் கூடத்தில் உட்கார வைத்தே தேர்வு நடத்திய லண்டன் பல்கலைக்கழகமும் அந்த ஆண்டில் தேர்வை இணையத்துக்குக் கொண்டுபோனது. மாணவரின் கேமராவும் மைக்கும் கண்காணிப்பாளர்களாயின. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2021-இல் ஒரு வேதியியல் மாணவரிடம், தேர்வுக்கு முன் கேமராவைச் சுற்றிக்காட்டிப் படுக்கையறை முழுவதையும் காண்பிக்கச் சொன்னார்கள். காட்டினார், பிறகு வழக்குத் தொடர்ந்தார். 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி, இது காரணமற்ற சோதனைக்கு எதிராக அரசியலமைப்புத் தரும் பாதுகாப்பை மீறியது என்று தீர்ப்பளித்தார். அந்தப் பாதுகாப்பு அரசுக்கு எதிரானது. பல்கலைக்கழகம் அரசுடையது என்பதால்தான் அந்த வாதம் எடுபட்டது. தனியார் பல்கலைக்கழகமாக இருந்தால் கதை வேறு. அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பதன் பயன்களில் இப்படியும் ஒன்று உண்டு என்று எந்த விளம்பரமும் சொல்லாது.

தீர்ப்பு மாணவர்களுக்கு நல்லதுதான். ஆனால் பழைய நம்பிக்கையின் அஸ்திவாரம் ஆட்டம் கண்டிருப்பதையும் அது காட்டுகிறது. தேர்வறையில் உட்கார்ந்தது யார் என்ற உறுதிதான் தொலைநிலைப் பட்டத்தின் முதுகெலும்பு என்றால், செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் விடை எழுதித் தரும் காலத்தில், வீட்டு மேசையில் எழுதிய தேர்வை எந்த நாடு எத்தனை நாள் நம்பும்? என் கணிப்பில், நேரடித் தேர்வை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் யுனெட் போன்றவைதான் கடைசியில் தாக்குப்பிடிக்கும்.

இனி, அங்கீகாரம். சீனாவின் அனுபவத்திலிருந்து தொடங்கலாம். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லை மூடியிருந்ததால், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்திருந்த பல்லாயிரம் சீன மாணவர்கள் வீட்டிலிருந்தே படித்தார்கள். 2023 ஜனவரி இறுதியில் சீன அரசின் சான்றளிப்பு மையம், இனி இணையவழியில் பெற்ற வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சான்று தரப்போவதில்லை என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வகுப்பு தொடங்கச் சில வாரங்களே பாக்கி. விமான டிக்கெட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் அடிதடி. பாடத்திட்டமும் பேராசிரியர்களும் நேற்றுப்போலவே இருந்தார்கள். பட்டத்தின் மதிப்பு மட்டும் ஒரே சுற்றறிக்கையில் மாறிப்போனது.

இந்தியாவில் இவ்வளவு நாடகம் இல்லை, ஏனென்றால் இங்கே கதவு தொடக்கத்திலிருந்தே சாத்தியிருந்தது. வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலைச் சான்று வழங்கிவந்த இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, தொலைநிலையில் பெற்றவற்றை ஏற்பதில்லை என்பதை நெடுங்கால நடைமுறையாக வைத்திருந்தது. 2023 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டுச்சேர்ந்து இணையவழியில் தரும் பட்டங்கள் செல்லாது என்று வெளிப்படையாக எச்சரித்தது. 2025-இல் சமநிலை வழங்கும் பொறுப்பைத் தன் கையில் எடுத்து அது வெளியிட்ட விதிகள், கிளை உரிமம் வாங்கி நடத்தும் படிப்புகளை விலக்கிவைத்தன. மருத்துவம், செவிலியம், சட்டம், கட்டடக்கலை போன்றவற்றை அந்தந்தத் தொழில் கவுன்சில்களின் பொறுப்பிலேயே விட்டுவிட்டன. உள்நாட்டுத் தொலைநிலைப் பட்டங்களின் நிலை இதற்கு நேரெதிர். அனுமதி பெற்ற நிறுவனம் தருவதாக இருந்தால், அவை வளாகப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-இல் அறிவித்தது. ஆக, இக்னோவில் அஞ்சல்வழியாக எம்ஏ முடித்தவர் கல்லூரி ஆசிரியர் பணிக்குத் தகுதித் தேர்வு எழுதலாம். லண்டனில் அதே எம்ஏவைத் தொலைநிலையில் முடித்தவருக்கு அந்த வாசலிலேயே சிக்கல். இது நியாயமா என்றால் இல்லை என்றுதான் சொல்வேன். லண்டன் தேர்வு நம்முடையதைவிட இளகியது என்று யாரும் நிரூபித்ததில்லை. ஆனாலும் விதி என்னவோ அதுதான். விதியை மாற்றும்வரை மாணவர் அதற்குள்தான் நடமாட வேண்டும்.

அரசு வேலை, பல்கலைக்கழக ஆசிரியர் பணி, முனைவர் பட்டச் சேர்க்கை ஆகியவற்றைக் குறிவைப்பவருக்கு, அப்படியானால், இந்தப் பாதை இந்தியாவில் சரிப்படாது. தனியார் துறை அப்படி இல்லை. மென்பொருள் நிறுவனத்தின் மேலாளர் சமநிலைச் சான்று கேட்பதில்லை. நேர்காணலில் நிரலை எழுதச் சொல்கிறார். ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு, தன் துறையில் ஆழம் கூட்ட விரும்புபவருக்கு ஜார்ஜியா டெக் பட்டம் கொடுத்த பணத்துக்குக் குறை வைக்காது. அதே ஆள் அதைக் காட்டி அமெரிக்காவுக்கோ பிரிட்டனுக்கோ குடிபெயரலாம் என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். தொலைநிலைப் படிப்புக்கு மாணவர் விசா கிடையாது. படிப்பு முடித்தபின் அங்கேயே தங்கி வேலை தேடப் பிரிட்டன் தரும் விசாவும் அந்த நாட்டில் இருந்து படித்தவருக்கு மட்டும்தான்.

செலவிலும் சில நுணுக்கங்கள். லண்டன் படிப்பில் பல்கலைக்கழகக் கட்டணம் ஒன்று. உள்ளூர்க் கற்பித்தல் மையத்தில் சேர்ந்தால் அதற்கு வேறு. நேரில் எழுதும் தேர்வுக்குத் தேர்வு மையம் தனியாக வாங்கும். ஆறு வருடம் இழுக்கும் படிப்பில் ரூபாயின் மதிப்பு போகும் போக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், சில படிப்புகளுக்கு லண்டன் நாட்டைப் பொறுத்துக் கட்டணத்தைக் குறைக்கிறது. பிரிட்டன் அரசின் காமன்வெல்த் தொலைநிலைக் கல்வி உதவித்தொகை, வளரும் காமன்வெல்த் நாட்டவர் ஊரிலிருந்தபடியே பிரிட்டிஷ் முதுநிலை முடிக்க முழுக் கட்டணத்தையும் ஏற்கிறது. நம் பக்கத்தில் இதை அறிந்தவர்கள் குறைவு. முகவர்களுக்கு இதில் தரகு இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வெளிநாட்டுப் பட்டத்தை ஊரிலேயே வாங்க இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களான டீக்கினும் வொலாங்காங்கும் குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் 2024 முதல் வகுப்பு நடத்துகின்றன; அங்கே அனுமதி தருவது கிஃப்ட் சிட்டியின் தனி ஒழுங்குமுறை ஆணையம். நாட்டின் மற்ற பகுதிகளுக்கு யுஜிசி 2023-இல் வகுத்த விதிகளின்படி பிரிட்டனின் சவுதாம்ப்டன் குருகிராமில் வளாகம் திறந்திருக்கிறது. இந்த வளாகத்தில் பெறும் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று தேவையில்லை. அதே விதிகள் அந்த வளாகங்கள் தொலைநிலைப் படிப்போ இணையவழிப் படிப்போ நடத்தக்கூடாது என்றும் சொல்கின்றன. இணையவழி விரிவுரை பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீதி தொண்ணூறுக்கு மாணவர் வகுப்பில் வந்து உட்கார வேண்டும்.